கட்டுரையில் குடியிருந்தவள்

பதுளை மாவட்ட நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு கூப்பிடப்பட்ட அன்று இருந்தவர்கள்:

நீதிபதி.

சிங்களத்தைத் தமிழுக்கும் தமிழைச் சிங்களத்துக்கும் மாற்றுகிற மொழிபெயர்ப்பாளர். அன்று அவருக்குக் கடுமையான தடிமன், ஓயாத தும்மல்.

தோட்டத்தை நடத்துகிற கம்பெனியின் சட்டத்தரணி நிமலன்.

ஊசிக்கல் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இரகுநாதன், கம்பெனியின் சாட்சி.

பிரதிவாதி சிவனாயி, ஐம்பத்து நாலு வயது, என் அம்மா.

அம்மாவின் சட்டத்தரணி கலாநிதி ஸவாஹிரா றஹீம்.

நான், சுபாஸ். பண்டாரவளை ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் இரவு வேலையை முடித்துவிட்டு முகம் கழுவாமல் பஸ் ஏறி வந்தவன்.

சாட்சி சொல்ல வருகிறோம் என்று சத்தியம் செய்த ஏழாம் லயத்துக்காரர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவரும் வரவில்லை.

கம்பெனி கேட்டது எங்கள் காம்பராவை, லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறையை. ஊசிக்கல் தேயிலைத் தோட்டம் கொஸ்லந்தைக்கும் பெரகலைக்கும் நடுவே சரிவில் இருக்கிறது. ஏழாம் லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்றால் தெற்குச் சமவெளி முழுவதும் காலடியில் கிடக்கும். மேகம் இல்லாத காலையில் கடல்கூட ஒரு கோடாகத் தெரியும். நூறு வருசமாக அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். ஆகவே லயத்தை இடித்துத் தங்குமிடம் கட்ட வேண்டும். மற்றக் குடும்பங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு மாற ஒத்துக்கொண்டன. அம்மா மாட்டேன் என்றாள். அங்கே அவளுக்குக் காட்டிய காம்பராவில் கூரை பாதிதான் இருந்தது.

அதன் பிறகுதான் கம்பெனி வேறு கதை சொன்னது. சிவனாயி ஊசிக்கல்லில் இல்லவே இல்லை, மகனோடு பண்டாரவளையில் இருக்கிறாள், காம்பரா சும்மா கிடக்கிறது என்று.

தோட்டத்தில் யாரிடமும் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. குடியிருப்பதுதான் உறுதி. ஒரு காம்பரா சில மாதம் சும்மா கிடந்தால் தோட்டம் அதில் வேறு குடும்பத்தை ஏற்றிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் முழுக் குடும்பமும் கொழும்புக்குப் போனாலும் ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போவார்கள். விட ஆள் இல்லையென்றால் பக்கத்துக் காம்பராக்காரியிடம் சொல்லி அடுப்பையாவது மூட்டச் சொல்வார்கள். புகை வந்தால் ஆள் இருக்கிற மாதிரி.

ஆகவே நீதிபதி தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா அங்கே குடியிருக்கிறாளா, இல்லையா?

குடியிருந்தாள். நான்தான் இல்லை. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருசத்தில் விட்ட நாளிலிருந்து பண்டாரவளையில் மூன்று பேரோடு ஒரு அறையில் கிடக்கிறேன். மாதத்தில் இரண்டு தரம் மேலே போவேன். அம்மா முட்டி வலியோடு வாரத்தில் மூன்று நாள் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டு, அந்தக் காம்பராவில்தான் இருந்தாள்.

ஸவாஹிரா மேடம் கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். பதுளை பசாரில் இரும்புக் கடை வைத்திருந்த றஹீம் ஹாஜியாரின் மகள். யுத்த காலத்தில் மலையகத்துப் பொடியன்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் குற்றச்சாட்டே இல்லாமல் வருசக்கணக்கில் அடைத்து வைத்தபோது, சட்டத்தரணியாகி இரண்டே வருசமான இந்தப் பெண் ஒரு பெயர்ப் பட்டியலோடு சிறை சிறையாகப் போயிருக்கிறார். வாசலில் அவரைக் காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்தார். பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம். பிறகு கொழும்பில் பல்கலைக்கழக வேலை; மனித உரிமையும் சாட்சியச் சட்டமும் படிப்பிப்பது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வண்டி ஏறுவார். சனிக்கிழமை வாப்பாவின் கடை மாடியில் தோட்டத்து ஆட்கள் வரிசையில் இருப்பார்கள். இப்படி இருபத்திரண்டு வருசம். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது. நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார்.

வழக்கு வருவதற்கு ஒரு வருசம் முன்பு அவருடைய கட்டுரை இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. லயங்களில் தனியாக இருக்கும் பெண்களைப் பற்றியது. அதன் நடுநாயகம் பெயரில்லாத ஒரு பெண். ஏழாம் லயம், கடைசிக் காம்பரா, இஸ்தோப்பிலிருந்து கடல் தெரியும், முட்டி வலி. மேடம் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். வாசித்தேன். அந்தப் பெண் மூன்று வருசமாகப் பட்டணத்தில் மகனோடு இருக்கிறாள், கோயில் திருவிழாவுக்கு மட்டும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறாள் என்று எழுதியிருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். அவள் வெறும் காம்பராவில் விளக்கேற்றுகிற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் அது அம்மா இல்லை.

புத்தகத்தில் இப்படித்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். 'எங்க லயம் இங்கிலாந்து புத்தகத்துல' என்று தலைப்பிட்டு அதைப் பேஸ்புக்கில் போட்டேன். நூற்றுப் பத்து லைக். அதில் ஒன்று கணக்கப்பிள்ளை இரகுநாதனுடையது. இதயம் போட்டிருந்தார்.

அம்மா கூண்டில் ஏறினாள். நிமலன் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தும்மித் தும்மித் தமிழில் சொன்னார்.

"ஊசிக்கல்லில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்?"

"பொறந்ததுல இருந்துங்க. அதுக்கு முந்தி எங்க இருந்தேன்னு ஞாபகம் இல்ல."

பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதிகூட மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் சிரித்தார்.

"உங்கள் சட்டத்தரணியை எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"அஞ்சாறு வருசமா. எங்க ஊட்டுல ரொட்டி சாப்புட்டிருக்காங்க."

"நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வாரா?"

"அவங்க எழுதாத நேரம் ஏதுங்க?"

"சொன்னதை மாற்றி எழுதுகிற ஆளா அவர்?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு நேராக நிமலனைப் பார்த்தாள். "அய்யோ சேர், அந்தப் பேச்சு வேணாம். நான் பொய் சொன்னாலும் சொல்லுவேன், லோயரம்மா சொல்ல மாட்டாங்க. அவங்க எழுதுனா எழுதுனதுதான்."

அவ்வளவுதான் நிமலனுக்குத் தேவைப்பட்டது. கட்டுரையின் பிரதியை நீதிபதிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று நீட்டினார். கோடு போட்ட பந்தியை ஆங்கிலத்தில் வாசித்தார், பிறகு சிங்களத்தில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். ஒரே பொய் மூன்று மொழியில் அந்த அறையைச் சுற்றி வந்தது. அம்மா மேடத்தைப் பார்த்தாள். எதை மறுப்பது? மறுத்தால் லோயரம்மா பொய் எழுதியவள் ஆகிவிடுவாள். மறுக்காவிட்டால் காம்பரா போய்விடும்.

ஸவாஹிரா மேடம் எழுந்தார். "இந்த ஆவணத்தை எழுதியவள் நான். இனி இந்த வழக்கில் சட்டத்தரணியாக நிற்க முடியாது. தவணை வேண்டும்," என்றார்.

மூன்று வாரம் கிடைத்தது.

வெளியே படிக்கட்டில் அம்மா கேட்டாள், "நான் ஏதும் தப்பா பேசிட்டேனாம்மா?"

"இல்ல அக்கா. நீங்க சரியாத்தான் பேசின. நான்தான் பிழையா எழுதின."

அன்று பின்னேரமே என்னையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார். அங்கே லீலாதேவி என்று ஒரு மூத்த சட்டத்தரணி. யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்க வைத்தியரான கணவரோடு நாற்பது வருசத்துக்கு முன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மேடம் அவரிடம்தான் தொழில் பழகியவர். லீலாதேவி கட்டுரையை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறாய்," என்றார். "ஆர் இது?"

"மூணு பேர். முட்டியும் காம்பராவும் சிவனாயி அக்கா. மகனோட டவுன்ல ஈக்கிறது கொஸ்லந்தப் பக்கம் ஒராள். விளக்கேத்த மட்டும் வாறது பெரகலப் பக்கம் ஒராள். ஆளத் தெரியக்கூடாதெண்டு ஒண்டாக்கின."

"அப்ப லயத்தின்ர இலக்கத்தை ஏன் போட்டனி?"

"மொதல்ல போடல்ல. இடம் தெளிவில்லயெண்டு சஞ்சிகையில திருப்பி அனுப்பினாங்க. கடலும் தெரியுது, எழுதினா நல்லா ஈக்குமெண்டு…"

"மூண்டு பேரை ஒளிக்கப் போய் ஒருத்தியைக் காட்டிக் குடுத்திருக்கிறாய்."

என்னால் அடக்க முடியவில்லை. "எங்கம்மா வாயத் தொறந்து சொன்னத மட்டும் எழுதியிருந்தா போதாதா மேடம்?" என்றேன்.

"போதும்," என்றார்.

அப்படி ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டது என் கோபத்தைக் கெடுத்துவிட்டது. நான் பேஸ்புக் விசயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. இரகுநாதனின் இதயத்தையும் சொன்னேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"எத்தின லைக்?" என்று கேட்டார் மேடம்.

"நூத்திப் பத்து."

"எண்ட புத்தகம் ஒண்டயும் அவ்வளவு பேர் வாசிக்கல்ல," என்றார் மேடம். லீலாதேவி சிரித்துவிட்டு, எங்களை உட்காரச் சொன்னார்.

பிறகு வழி தேடினார்கள். லீலாதேவிக்கு வழி உடனே தெரிந்தது. "மற்ற ரெண்டு பொம்பிளையளின்ர பேரைச் சொல்லு. சத்தியக் கடதாசி எடுப்பம். 'அது நான்' எண்டு அவையள் சொன்னாச் சரி, முடிஞ்சுது."

"சொன்னா அவங்கட ரெண்டு காம்பராவும் போயிரும். அவங்க உண்மையிலயே அங்க இல்ல."

லீலாதேவி கட்டுரையை மடித்து வைத்தார். "அப்ப நீ கூண்டில ஏறி, நான் பொய் எழுதினனான் எண்டு உன்ர வாயால சொல்லவேணும். வேற வழியில்லை."

"தெரியும்."

"பேராசிரியர் பதவிக்குப் போட்டிருக்கிறாய் எல்லே?"

"ஓம்."

"இந்தக் கட்டுரையையும் வைச்சோ?"

"பட்டியல்ல அதுதான் மொதலாவது."

அதன் பிறகு இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்கு விளங்காது என்று நினைத்திருக்கலாம். இருபத்திரண்டு வருசத்தை ஒரு காம்பராவுக்காகக் கொளுத்தப் போகிறாயா, நீ போனால் இந்தப் பக்கத்து அடுத்த வழக்குக்கு யார் வருவார்கள் என்று லீலாதேவி கேட்டார். நியாயமான கேள்வி. மேடம் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த வழக்கைப் பற்றி யோசித்து எழுதித்தான் இந்த வழக்கைக் கெடுத்தேன் என்றார்.

மூன்று வாரம் கழித்து ஸவாஹிரா மேடம் கறுப்புக் கோட்டு இல்லாமல் வந்தார். சாம்பல் நிறப் புடவை, தலையில் அதே நிற முக்காடு. அவர் கூண்டில் நிற்பதைப் பார்க்கச் சட்டத்தரணிகள் பலர் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். பாதிப் பேருக்குப் பரிதாபம். மீதிப் பேருக்கு அப்படி இல்லை.

நிமலன் அவரிடம் சாட்சியச் சட்டம் படித்தவர். முதல் கேள்வியிலேயே "மேடம்" என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, "சாட்சி அவர்களே" என்று திருத்திக்கொண்டார். மேடம் சிங்களத்தில் பதில் சொன்னார். நான் அம்மாவின் காதில் தமிழில் சொன்னேன்.

"இது ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்களா?"

"ஆம்."

"அது உண்மையா?"

"இல்லை. மூன்று பெண்களின் கதை. ஒருத்தியாகச் சேர்த்து எழுதினேன்."

"மூணு பேரா?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "அப்ப நான் எதுல இருந்து எது வரைக்கும்?"

"முட்டியும் கடலும் நீ. மத்ததெல்லாம் வேற ஆளுங்க."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. ஏமாற்றமா நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சேர்த்து எழுதியதாக எங்காவது குறிப்பிட்டீர்களா?" என்றார் நிமலன்.

"இல்லை. ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தால் போதும்."

"ஏன் போடவில்லை?"

மேடம் மறதி என்று சொல்லியிருக்கலாம். அவர்களை மறைப்பதற்காக என்று சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும் இருந்தது. "ஒருத்தி என்று எழுதினால் படிப்பவர்களுக்கு உறைக்கும். மூன்று பேர் என்று சொன்னால் பலம் குறைந்துவிடும் என்று நினைத்தேன்," என்றார்.

பின்னால் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

"மற்ற இருவரின் பெயர்?"

"சொல்ல மாட்டேன்."

"நீதிமன்றம் கட்டளையிட்டால்?"

"தண்டனையை ஏற்றுக்கொள்வேன். பெயரைச் சொல்ல மாட்டேன்."

நிமலன் சிரிக்கவில்லை. அவருக்கும் அது பிடித்த வேலையாகத் தெரியவில்லை. ஆனால் செய்தார். "ஆகவே உலகத்துக்குப் பொய் எழுதியவர் இங்கே வந்து மட்டும் உண்மை சொல்கிறார் என்று நாங்கள் நம்ப வேண்டும்?"

"தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தே ஒருவர் சொல்கிற சாட்சியை எப்படி எடை போடுவது என்று இரண்டாம் வருசத்தில் படித்தீர்களே, நிமலன்?"

"சாட்சி கேள்வி கேட்கக் கூடாது," என்றார் நீதிபதி. ஆனால் பேனாவை எடுத்து எதையோ நீளமாக எழுதினார்.

பின்னேரம் லீலாதேவி இரகுநாதனைப் பிடித்தார். சிவனாயி தோட்டத்தில் வேலை செய்வதே இல்லையா என்று கேட்டார். வெளியாள் மாதிரி வாரத்தில் மூன்று நாள் வந்து கொழுந்து எடுக்கும் என்றார் இரகுநாதன். அதை ஒத்துக்கொள்வதால் ஒன்றும் கெடாது என்று நினைத்திருப்பார்.

"பெரட்டு எத்தனை மணிக்கு?"

காலையில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புகிற இடம்தான் பெரட்டு. "ஆறு மணிக்குங்க," என்றார்.

"பண்டாரவளையில இருந்து முதல் பஸ் உங்கட சந்திக்கு எத்தனை மணிக்கு வருகுது?"

இரகுநாதன் நிமலனைப் பார்த்தார். நிமலன் கூரையைப் பார்த்தார்.

"ஏழேகால் இருக்கும்."

"சிவனாயி பெரட்டுக்குப் பிந்தி வந்ததுண்டோ?"

"இல்லீங்க."

"அப்ப அந்த மனுசி முட்டி வருத்தத்தோட பண்டாரவளையில இருந்து இருட்டுக்க நடந்து வாறவவோ?"

"லயத்துல இருந்துதாங்க வரும்," என்றார் இரகுநாதன். பாவம், பெரட்டு நேரத்தில் பொய் சொல்ல அந்த ஆளுக்கு வராது. முப்பது வருசமாக அந்த ஆறு மணியில்தான் வாழ்கிறார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. பிரதிவாதி அந்தக் காம்பராவில் தொடர்ந்து குடியிருந்து வருகிறார். கம்பெனி அவரை அசைக்கக் கூடாது. கம்பெனி மேன்முறையீடு செய்யவில்லை. ஆறாம் லயத்திலிருந்தும் கடல் தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே இருப்பது வேறு ஆட்கள்.

சஞ்சிகை கட்டுரையை மீளப் பெற்றது. அதற்கான காரணத்தை இரண்டு வரியில் போட்டார்கள், மேடத்தின் முழுப் பெயரோடு. பல்கலைக்கழகத்தில் விசாரணைக் குழு. பேராசிரியர் விண்ணப்பத்தை அவரே திருப்பி வாங்கிக்கொண்டார். அவரிடம் படித்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தார். மனித உரிமை பேசுகிறவர்களின் யோக்கியதையைப் பாருங்கள் என்று இணையத்தில் எழுதினார்கள். அவர் சிறையிலிருந்து எடுத்துவிட்ட ஒருவரும் அப்படி எழுதியவர்களில் இருந்தார். பதுளைக் கடை மாடிக்கு இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. மேடம் சனிக்கிழமை தவறாமல் வந்து தனியாக உட்கார்ந்துவிட்டுப் போனார் என்று கீழ்க்கடைக்காரர் சொன்னார். பிறகு ஆட்கள் வந்தார்கள். மன்னித்தார்களா என்று தெரியாது. வேறு லோயர் இல்லை.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் பகலில் அவர் ஊசிக்கல்லுக்கு வந்தார். நான் வீட்டில் இருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்தாள். மெலிந்திருந்தார். கையில் புதுக் கொப்பி. இந்தத் தடவை அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்டு கேக்கத்தான் வந்த. நீங்க ஏலாதெண்டா ஏலாது."

"கேளுங்கம்மா."

நடந்ததை முழுவதும் எழுத வேண்டும் என்றார். கட்டுரை, வழக்கு, தன் பிழை, எல்லாம். அம்மா சொன்னதை மட்டும், சொன்ன மாதிரியே. ஒவ்வொரு வரியையும் முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். வேண்டாம் என்பதை வெட்டுவார். படிக்கிற பிள்ளைகளுக்கு இது தேவை, நான் செய்ததை அவர்கள் செய்யக் கூடாது என்றார்.

"எழுதுனா உங்களுக்கு அந்தப் பெரிய வேல கெடைக்குமா?"

"கெடைக்காது. எண்ட பேர் கொஞ்சம் நேராகும்."

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு யோசித்தாள். எழுதட்டும் என்று சொல் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்த மனுசி எங்களுக்காக இழந்ததை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு 'சரி' சொன்னால் அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும்?

"வேணாங்கம்மா," என்றாள் அம்மா.

மேடம் தலையை ஆட்டினார்.

"நீங்க நல்லாத்தான் எழுதுவீங்க. எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு நின்னீங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வந்து நிப்பேன். ஆனா இந்த ஊட்டப் பத்தி வேணாம். ஒரு தடவ எழுதுனீங்க, எங்கயோ இருக்குறவன் எல்லாம் என் காம்பராவுக்குள்ள வந்து நின்னுட்டான். கோர்ட்டுல அத வாசிக்கையில என் பாவாடைய அவுத்த மாதிரி இருந்துச்சு. நெசத்த எழுதுனாலும் அப்படித்தான் இருக்கும்."

"அம்மா…" என்றேன்.

"நீ சும்மா இரு. நீதான் மொத ஆளா ஊருக்குக் காட்டுன."

மேடம் ரொட்டியை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். தேத்தண்ணியின் அடிச் சாயத்தையும் விடவில்லை. கொப்பியைப் பையில் வைத்தார்.

"கோவமாம்மா?"

"கோவப்பட எனக்கு என்ன உரிம ஈக்கி, அக்கா? நீங்க சொன்னது சரி." எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். "முட்டிக்கு அந்த டொக்டர்ட்டப் போனீங்களா?"

"போகணும்."

"போங்க. சுபாஸ், நீ கூட்டிட்டுப் போ. திங்கக்கிழமயே போ."

அம்மா வீட்டோரத் தோட்டத்துப் போஞ்சிக் காயில் இரண்டு பிடி எடுத்துப் பையில் போட்டு அவர் கையில் திணித்தாள். இருவரும் வாசலில் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழவில்லை. ஆறாம் லயத்தின் கூரைத் தகரத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார். ஒரு பெயர் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு, ஆறாம் லயத்துப் படியில் ஏறினார்.

லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அம்மா அவர் முதுகு மறையும்வரை பார்த்திருந்தாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் ஒரு சுற்றுத் திருப்பினாள்.